மதிய இடைவேளையில் ஒரு தரவரிசை

தறப்பாள் கொட்டிலுக்குள்
சோற்றுப் பெட்டியைத் திறந்தபடி தனுசியா கேட்டாள்:
அக்கா, நீங்கள் விளையாடினதிலயே திறமானது எது?
இருபத்தொரு வயது அவளுக்கு.
போனில் நூறு பேரோடு பரசூட்டில் குதிக்கிறவள்.

பத்துச் சொல்கிறேன் என்று தொடங்கினேன்.
எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் தேறியது.
அதிலும் ஒன்றுக்கு இலக்கம் போட ஏலாது.

நாலாவது, செங்கல் அடுக்கிறது.
உள்ளங்கை அகலப் பெட்டி. அதன் மேல்
ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று எழுதியிருந்தது.
இருந்தது பதின்மூன்று.
பாதை திறந்த வருஷம் ஓமந்தை தாண்டி வந்த சாமான்.
பற்றறி தீர்ந்தால் சுவர் மணிக்கூட்டைக் கழற்றுவோம்.
மூன்று மாதம் எங்கள் வீட்டில் நேரம் நாலு இருபது.
பள்ளிக்கூட மணியைக் கேட்டு அம்மா உலை வைத்தா.
நீட்டுக் கட்டை வரும் வரும் என்று
ஓரத்தில் ஒரு நிரலை வெறுமையாய் விட்டுவைப்பான் அண்ணன்.
வந்து வென்றதைவிட
வராமல் தோற்றதுதான் கூட.

மூன்றாவது மிட்டாய் உடைக்கிறது.
சிரிக்காதே.
மாங்குளத்தில் ஏறி முல்லைத்தீவில் இறங்குவதற்குள்
எட்டு லெவல் முடித்தவள் நான்.

இலக்கம் போடாதது
அலுவலகக் கணினியில் கிடக்கிறது.
சாம்பல் சதுரங்கள், அடியில் கண்ணி.
வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை
மேற்பார்வையாளர் அன்ரன் விளையாடிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் மூடிவிட்டார்,
வேறேதோ படம் பார்த்தவர் மாதிரி.
பிறகு நானே திறந்து பார்த்தேன்.
முதல் சொடுக்கில் ஒருக்காலும் வெடிக்காதாம்.
அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.
செய்தவனுக்கு இரக்கம் இருந்திருக்கிறது.
பக்கத்தில் எத்தனை என்று சதுரம் சொல்லும்.
இங்கே சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் இடையில்
முழங்காலில் நின்று கேட்டாலும்
மண் ஒரு இலக்கமும் சொல்லாது.
நல்ல விளையாட்டுத்தான்.
சம்பளத்துக்குச் செய்வதை வரிசையில் சேர்க்க மனமில்லை.

இரண்டாவது பாம்பு.
சிக்னல் இல்லாத வன்னியில் போன் என்றால்
ஒரு டோர்ச், ஒரு பாம்பு, அவ்வளவுதான்.
பங்கருக்குள் இரண்டும் உதவின.
வட்டுவாகலில் சனத்துக்குள் நின்று
போனை என் கையில் தந்துவிட்டு
சார்ஜைப் பார்த்துக்கொள் என்றான் அண்ணன்.
அவனை மற்ற வரிசைக்குக் கூப்பிட்டார்கள்.
முகாமில் ஒரு தரம் சார்ஜ் போட ஐம்பது ரூபா.
காட்டுவதற்குப் படம் இல்லை அதில், பேச்சும் இல்லை.
அவன் எடுத்த உச்சப் புள்ளி மட்டும்: 1127.
ஆடி மாத வெயில், தண்ணீர் பவுசருக்கு வரிசை.
விரல் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தேன்.
1134.
பாராட்டி ஒரு சின்னச் சத்தம் போட்டது போன்.
அதுக்கு ஒரே ஒரு எண்தான் ஞாபகம் நிற்கும்.
பழையதைத் தேடினேன்,
எல்லாப் பட்டனையும் அமத்தினேன்.
பதிவுக்குப் போகிற இடமெல்லாம்
உயரம், நிறம், கடைசியாய் உடுத்திருந்த சேட்டு கேட்பார்கள்.
1127 என்று எழுத
எந்தப் படிவத்திலும் பெட்டி இல்லை.

தனுசியா சாப்பிடாமல் இருந்தாள்.
சோறு காயுது, சாப்பிடு என்றேன்.

முதலாவது, பைக் ஓட்டம்.
கிளிநொச்சியில் கணினி வகுப்பு.
கணக்குத் தாள் கட்டம் போடுகிறோம் என்று
சேர் நம்பிக்கொண்டிருந்தார்.
ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிக்கலாம்.
நானும் அண்ணனும் ஒரு விசைப்பலகை:
அவனுக்குத் திருப்பம், எனக்கு அடி.
முடிவுக்கோட்டை ஒரு நாளும் கண்டதில்லை.
எட்டு மணிக்கு ஜெனரேற்றரை நிறுத்திவிடுவார்கள்.

இருந்தாலும் அதுதான் முதலிடம்.
லொறியில் மோதி, ஆகாயத்தில் மூன்று குட்டிக்கரணம் போட்டு
தாரில் தேய்ந்து கிடப்பான் ஓட்டினவன்.
பிறகு எழும்புவான்.
வாகனங்களுக்கு நடுவால்
தன் பைக் எங்கே என்று தேடித் தேடி
ஓடுவான், ஓடுவான்.
அண்ணன் அப்போது திருப்பத்தை விட்டுவிட்டு
மேசையைத் தட்டுவான்:
கெதியா ஓடடா, கெதியா.