ஓட்டைக்கு ஓட்டு

பதினொரு பேர், இரண்டரை ஜீப்.
இவ்வளவுதான் எங்கள் சங்கம்.
அரை என்பது எஞ்சின் இல்லாத ஒன்று.
போஜராஜனின் கேரட் கழுவும் கொட்டகையில்
செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது.
அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கூடுவோம்.
வெயில் வந்தால் பெயின்ட்,
வராவிட்டால் டீ.
கோத்தகிரியில் பெரும்பாலும் டீதான்.

விதி நான்கு, சுவரில், என் கையெழுத்தில்:
தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே.
இந்த அப்படியேவுக்காக
இதாயத்துல்லா ஓராண்டு சண்டை போட்டார்,
ஒரு போல்ட்டின் தலை
ஆறு மூலையா நாலு மூலையா என்று.
ஸ்டெல்லா ரோஸ்லின்
ஆஸ்பத்திரி நைட் டூட்டி முடித்துத்
தூங்காமல் வந்து
பல் பிரஷால் சேசிஸ் நம்பரைத் துலக்கினாள்.
கடைசி இரண்டு இலக்கம் தெரிந்தபோது
யாருக்கோ பிள்ளை பிறந்ததுபோல் கைதட்டினோம்.

எஸ்டேட் ஏலத்தில் எடுத்த வண்டி.
மேலே சிவப்பு,
சுரண்டினால் ஏதோ கட்சியின் இரண்டு பட்டை,
அதனடியில் சாம்பல்,
அதற்கும் அடியில், தபால்தலை அளவுக்கு,
காய்ந்த யூகலிப்டஸ் இலையின் பச்சை.
அந்தத் தபால்தலையை வைத்து
முழு வண்டிக்கும் நிறம் கலந்தோம்.
(எனக்குக் கொஞ்சம் பெருமை. அஞ்சலகத்தில் வேலை.)

கிளட்சுக்குப் பக்கத்தில், தரைத் தகட்டில்,
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது.
துரு என்றோம்.
வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து
தையல் தெரியாமல் பற்றவைத்தார் இதாயத்துல்லா.
எங்கே இருந்தது சொல்லுங்க பார்ப்போம் என்று
வருகிறவர்களிடமெல்லாம் பந்தயம் கட்டினார்.

நவம்பரில் தைரியநாதன் வந்தார்,
காரமடையிலிருந்து முதல் பஸ்ஸில்.
பத்தொன்பது வருஷம் இதை ஓட்டியவர்,
இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில்
கார் நிறுத்த இடம் காட்டுகிறார்.
சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டினார்.
நல்லா இருக்கு என்றார்,
பக்கத்து வீட்டு மாப்பிள்ளையைச் சொல்வதுபோல்.
என்னுது எங்க?

நம்பரைக் காட்டினோம்.
நம்பரை அவர் பார்த்ததே இல்லையாம்.

இடப்பக்க ஸ்டியரிங்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து
குனிந்தார்.
இங்க ஒரு ஓட்டை இருக்குமே.

இந்த முறை யாரும் பந்தயம் கட்டவில்லை.

சோலூர்மட்டம் தாண்டினா மிஸ்ட்டு,
கண்ணாடியில பால் ஊத்தின மாதிரி.
லைட்டு போட்டா இன்னும் வெள்ளை.
நான் கீழதான் பாப்பேன்.
ஜல்லி ஓடுனா ரோடு.
புல்லு தெரிஞ்சா வலது பக்கம் ஒடி.
ஒண்ணுமே தெரியலேன்னா...
சிரித்தார்.
அது ஒரே ஒரு தடவை. கரிக்கையூர் வளைவு.
பின்னால எட்டு பேரு, மூட்டை மேல தூக்கம்.
இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது.

அவசரக் கூட்டம். பொருள்: ஓட்டை.
ஓட்டை போட்டா அனுப்பினான் கம்பெனிக்காரன்
என்றார் பௌதிக ஆசிரியர் சுசீந்திரன்.
துருவும் ஒரு தொழிற்சாலைதான் என்றாள் ஸ்டெல்லா.
ரசீது இருக்கா என்றார் பொருளாளர்.
இதாயத்துல்லா வாயே திறக்கவில்லை.
தன் வாழ்நாளின் அழகான வெல்டிங்மேல்
ஓட்டெடுப்பு நடக்கையில்
ஒரு மனுஷன் என்ன பேசுவார்?
ஓட்டைக்கு ஓட்டு நான்கு, எதிர்த்து ஏழு.
மினிட்ஸில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த ஞாயிறு ரப்பர் பாயைக் கழுவத் தூக்கினால்
இருந்தது.
உள்ளங்கை அகலம்.
கை கிழிக்காதபடி
விளிம்பு முழுக்க அரம் போட்டு வழவழவென்று.
பதினொரு பேரும் பார்த்தோம்.
பாயைத் திரும்பப் போட்டது யாரென்று
மினிட்ஸில் இல்லை.

ஜனவரியில் ஊட்டி கண்காட்சி.
நடுவர்கள் பாயைத் தூக்கவில்லை.
இரண்டாம் பரிசு: ஒரு பிளாஸ்டிக் ஜீப்.

திரும்பும்போது கட்டபெட்டில் பிடித்துக்கொண்டது மிஸ்ட்.
நான்தான் ஓட்டினேன்.
வைப்பர் வெள்ளையை வெள்ளைக்குத் தள்ளியது.
காலால் பாயை ஒதுக்கினேன்.

தார், தார்,
ஒரு நசுங்கிய டீக்கப்,
தார்,
கொஞ்சம் புல்.

வலது பக்கம் ஒடித்தேன்.
பின் பெஞ்சில் இதாயத்துல்லா
தூங்குகிறவர்போல் கண்ணை மூடியிருந்தார்.