மேகம் இருக்கும்வரை நட

பூண்டு லாரிகள் திணறும் மூன்றாவது வளைவில்
மைல்கல்மேல் ஒரு காலை வைத்து
போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்
இரண்டு கோடு வரும்.
அப்படித்தான் இறக்கினேன் அணுக்களின் உலகத்தை,
முந்நூற்றுப் பதினோரு எம்பி.
இடமில்லை என்றது போன்.
அக்காவின் வளைகாப்பை அழித்தேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மன்னவனூர், எட்டாம் வகுப்பு, பதினேழு பேர்,
ஒரு இரவல் புரொஜெக்டர்.
"ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டாக்கினால்"
என்று திரைக்குள்ளிருந்து ஒரு குரல்
தொடங்கியதும் கரண்ட் போயிற்று.

எதை வச்சு டீச்சர் வெட்டுறது, என்றாள் சுகிர்தா.
பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.
உன் நகத்தைப் பார், என்றேன்.
நொடிக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வளருது.
பதினேழு பேரும் நகத்தைப் பார்த்தார்கள்,
கேரட் மண் ஏறிய நகங்கள்.
யாரும் இமைக்கவில்லை,
இமைத்தால் தவறிவிடும் என்பதுபோல.

தீபன்ராஜ் வேலி தாண்டிப் போய்
ஒரு முட்டைக்கோஸ் இலையோடு வந்தான்.
மேலே தண்ணீர் தெளித்தோம்.
துளி நனைக்கவில்லை, உருண்டது,
போகிற வழியில் ஒரு தூசியையும் ஏற்றிக்கொண்டது.
கண்ணுக்கு எட்டாத மெழுகுக் காடு அது,
துளி அதன் உச்சிகளில் மட்டும் கால் வைக்குது,
நான் சொல்லி முடிப்பதற்குள்
யாரோ ஒருவன் கட்டைவிரலால்
அந்த நீலச் சாம்பலைத் தேய்த்துவிட்டான்.
அடுத்த துளி அங்கேயே படுத்துக்கொண்டது.
"போச்சு," என்றது கடைசி பெஞ்ச்.
நான் வேறெதுவும் விளக்கவில்லை.

மதியம் கணினிச் சிந்தனை.
கணினி அறைச் சாவி
தலைமையாசிரியரின் பையில் கொடைக்கானல் போயிருந்தது.
அதனால் குழந்தைவேலுதான் கணினி.
சொன்னதை மட்டும் செய்ய வேண்டும்,
சொல்லாததைச் செய்யக் கூடாது.
நேராக நட. சுவர் வந்தால் வலப்பக்கம் திரும்பு.
திரும்பினான், மூக்கு சுவரில் உரச.
பிறகு சுகிர்தா பலகையில் எழுதினாள்:
மேகம் இருக்கும்வரை நட.

நடந்தான்.
கொடிக்கம்பம், சத்துணவுக் கூடம், கேட்.
வெள்ளைக்குள் முதலில் கால்கள் போயின,
பிறகு சிவப்பு ஸ்வெட்டர்.
சிரித்தோம்.
சிரிப்பு தீர்ந்தும் அவன் வரவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி ஓடினோம்.
ஆட்டுப் பண்ணைக் கம்பிவேலியில்
நெஞ்சு முட்ட நின்றிருந்தான்,
கால்கள் மட்டும் நின்ற இடத்தில் நடந்துகொண்டிருந்தன.
உள்ளே நாலைந்து செம்மறிகள்
மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.
"வேலி வந்தா என்ன செய்யணும்னு
நீங்க எழுதல டீச்சர்."
குரலில் கோபமில்லை, அதுதான் சுட்டது.
சுகிர்தா திரும்பி வந்ததும் ஒரு சொல் சேர்த்தாள்:
மேகம் இருக்கும்வரை, அல்லது மணி அடிக்கும்வரை.
பலகையை அழிக்க வேண்டாம் என்று
ஓரத்தில் எழுதிவைத்தேன்.

இப்போது மறுபடி வளைவு.
அடுத்த பாடம் அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்கிறது.
மைல்கல் குளிர்கிறது, கோடு ஒன்றாகிறது, போகிறது.
சிக்னல் வரும்வரை நில் என்று
எனக்கு எழுதியவர் யாரென்று தெரியவில்லை,
மணியைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.
நாற்பது நிமிடம்.
இரண்டாயிரத்து நானூறு நானோமீட்டர்
வளர்ந்திருக்கிறது என் நகம்.
கடைசி பஸ்ஸின் விளக்கு
கீழே எங்கோ மேகத்தை மஞ்சளாக்குகிறது.