வெங்காயத் தராசு

சுன்னாகம் சந்தையில் கடைசி லொறியும் போன பிறகு
குகநேசன் தராசைத் துடைத்து வைப்பான்.
பகல் முழுக்க மூட்டை ஏறி இறங்கிய பலகை.
ஞாயிறு இரவு எட்டு மணிக்கு
நாங்கள் நாலு பேர் ஏறுவோம்.

செருப்பைக் கழற்று. போனை வெளியே வை.
பெல்ட்டையும் கழற்றட்டோ என்பார் பரராசா அண்ணை.
களிசானைக் கழற்றினாலும் நூற்றெட்டுத்தான், என்பான் நிக்சன்.
வெங்காயத் தோல் உள்ளங்காலில் ஒட்டும்.
குகநேசன் கொப்பியில் எழுதுவான்,
கடன்காரர் பேருக்கு அடுத்த பக்கத்தில்.

நான் பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருசம்,
யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, திரும்ப யாழ்ப்பாணம்.
ஓட்டுவதும் வண்டி, ஸ்ரேறிங்கில் முட்டுவதும் வண்டி என்று
கொண்டக்டர் பெடியன் சொல்ல
முழு பஸ்சும் சிரித்தது. நானும் சிரித்தேன்.
அன்றிரவு ஒரு கொத்துரொட்டி கூடத் தின்றேன்.

டொக்டர் சொன்னது காதில் ஏறவில்லை.
மனிசி சொன்னதும் ஏறவில்லை.
பரராசா அண்ணையின் கால் சுண்டுவிரலை
சீனி வருத்தம் கொண்டுபோன அன்று
வார்ட்டுக்கு வெளியே மூன்று பேரும்
ஆளுக்கொரு றோல்ஸ் வைத்துக்கொண்டு நின்றோம்.
ஒருவரும் கடிக்கவில்லை.
யார் முதலில் கதையைத் தொடங்கியது என்று
இன்றைக்கும் சண்டை.

விடிய நாலரைக்கு மருதனார்மடம் வரை நடை.
நாய்களுக்கு முதல் கிழமை எங்களைப் பிடிக்கவில்லை,
பிறகு அவையும் கூட வந்தன.
தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பாண் இல்லை.
இரவு ஒன்பதரைக்கு வயிறு கூப்பிட்டால்
யாருக்காவது கோல் எடுக்க வேண்டும்:
“பசிக்குதடா.”
“அது பசியில்லை, விசர். படு.”

எனக்குக் கோப்பையில் மிச்சம் விடத்தான் வரவில்லை.
தொண்ணூற்றைந்தில், சாவகச்சேரிப் பள்ளிக்கூட விறாந்தையில்,
பத்தொன்பது வயது, நாற்பத்தேழு கிலோ.
வடிவாய் மெலிந்துவிட்டாய் என்று
அப்போது ஒருவரும் சொல்லவில்லை.
இதை மற்றவர்களிடம் சொன்னது தராசடியில்தான்.
குகநேசன் பேனையை மூடினான்.
எனக்கும் அப்பிடித்தான், என்றான்.
அதற்கு மேல் நாங்கள் கதைக்கவில்லை.

நாலாம் மாதம் நிக்சன் வரவில்லை.
கொப்பியில் அவனுடைய மூன்று ஞாயிறு வெறுமை.
ஏழாலையில் வீடு. வாழைக்குப் பின்னால் கதிரை,
கதிரைக்குக் கீழே போத்தல்.
“றோட்டில நடந்தா ஆக்கள் பாக்கினம்.
நடந்தும் ஊதிப்போனான் எண்டு சொல்லுவினம். நான் வரேல்லை.”

புத்தி சொல்ல எங்களில் யோக்கியன் யார்?
பரராசா அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார்.
ஒன்பது விரலோடு
கிணற்றைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்.
ஒன்று. இரண்டு.
நான் பின்னால், குகநேசன் எனக்குப் பின்னால்,
மூன்று பேருக்கும் மூச்சு வாங்குகிறது.
பன்னிரண்டாவது சுற்றில்
“விழப்போறியள் அண்ணை, அங்கால பாசி” என்று
ரோர்ச் லைற்றோடு எழும்பினான் நிக்சன்.
வெளிச்சம் பிடித்தவன் முன்னால்தானே போகவேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்:
“என்ன, கிணத்துக்க ஏதும் விழுந்திட்டுதோ?”
“ஓம், நிக்சன்” என்றார் பரராசா அண்ணை.
“எடுத்துக்கொண்டிருக்கிறம்.”

அடுத்த ஞாயிறு வந்தான்.
ஆனால் பலகையில் ஏற மாட்டேன் என்று நின்றான்.
சரி, அப்ப எல்லாரும் ஏறுவம்.
தோளைத் தோள் பிடித்து, வண்டியில் வண்டி இடிக்க,
எட்டுக் கால், முப்பத்தொன்பது விரல்.
முந்நூற்று எழுபத்தொன்பது.
யார் கூட, யார் குறைய, தராசு சொல்லவில்லை.
குகநேசனின் கை கொப்பிக்கு எட்டவில்லை.
“இறங்குங்கோடா,” என்றான் நடுவில் நசிந்தபடி,
“நாளைக்கு வெங்காயம் நிறுக்க வேணும்.”