விழுந்த சொல்

ஒஸ்த்ரவா, டிராம் பணிமனை, ஜனவரி.
இரவு இரண்டரைக்கு ரதொவன் வந்து நிற்கிறார்,
கையுறையைக் கழற்றவில்லை.
டிக்கெட் கருவி இல்லையென்கிறதாம் வண்டி.
இருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது.
இருவரும் குனிந்து பார்த்தோம்.

மடிக்கணினியைச் செருகி லாக்கைத் திறந்தேன்.
வீத்கோவித்சே வளைவில் ஒரு குலுக்கல்.
கம்பி அரை நொடி தளர்ந்து
மறுபடி பற்றிக்கொண்டது.
கெர்னல் அப்போதே சொல்லிவிட்டது:
போனது.
கதவு, கேமரா, பெயர்ப்பலகை
எல்லாம் அதே குலுக்கலில் போய்,
எல்லாம் வந்து,
கடைசியாக, டிக்கெட் கருவி
வந்தது.

கேட்கவேண்டிய நிரலோ அந்நேரம்
நேற்றைய வசூலை எழுதிக்கொண்டிருந்தது.
அதன் வாசல் பெட்டி சின்னது.
'போனது' உள்ளே கிடந்தது.
'வந்தது' நிற்க இடமில்லாமல் விழுந்துவிட்டது.

முரசறைகிறவன்
தெருவெல்லாம் விழித்தாயிற்றா என்று
கதவு கதவாய்த் தட்டுவதில்லை.
அடித்துவிட்டுப் போய்விடுவான்.
ஆனாலும் கெர்னல் ஒரு நேர்மை வைத்திருக்கிறது:
அடுத்தமுறை நிரல் கை நீட்டும்போது
உனக்கென்று சொன்னதில் சில
உன்னை வந்து சேரவில்லை
என்கிறது.
எவை என்று சொல்லாது.
எத்தனை என்றும்.

அதற்கு நிரல் தந்த பதில் லாக்கில் இருக்கிறது:
"பிழை. தொடர்கிறேன்."

அந்த வரி என்னுடையது.
மூன்று வருடத்துக்கு முன்,
ஒரு வெள்ளிக்கிழமை மாலை,
வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
எழுதினேன்.

"இப்போது என்ன செய்வாய்?"
"தொலைந்ததைத் தேடக் கூடாது, ரதொவன்.
ஊகிக்கவும் கூடாது.
தெரிந்ததையெல்லாம் தூர எறிந்துவிட்டு
இந்த நிமிடம் யார் யார் இருக்கிறார்கள்,
முதலிலிருந்து சொல் என்று
கேட்கவேண்டும்."
"கோபித்துக்கொள்ளாதா?"
"எத்தனை தடவை கேட்டாலும் சொல்லும்."
அவர் ஒரு கையுறையை மட்டும் கழற்றினார்.
"என் வீட்டில் அப்படியில்லை" என்றார்.

பதினோரு வரி.
ஏற்றினேன். கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்,
இருபது முறை, முப்பது முறை,
வசூல் கணக்கை வேண்டுமென்றே ஓடவிட்டு.
பெட்டி நிறைந்தது. சொல் விழுந்தது.
நிரல் கேட்டது, முதலிலிருந்து.
கருவி இருக்கிறது என்றது கெர்னல்,
முதல்தடவை சொல்வதுபோல்.

ரதொவன் தன் பாஸைக் காட்டினார்,
ஓட்டுநருக்குத் தேவையே இல்லை.
ஒரு பீப்.
நாலு பன்னிரண்டுக்குப் பொரூபாவுக்கு முதல் வண்டி.

பழைய வரியை நான் அழிக்கவில்லை.
அதன் முன்னால்
இரண்டு சாய்கோடு போட்டேன்.