கறுப்பு ரப்பர் விழுமுன்

ஜூன் மாதம் மேடையில் முதலாவதாகப் பெயர் வந்தவன்
இடப்பக்கம் குனிகிறான்.
மூன்றாவதாக வந்தவன் வலப்பக்கம்.
நடுவில் நான், கோடு போட்ட சட்டை,
கையில் உறையவைத்த ரப்பர் வில்லை.

வின்னிபெக். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பதினையாயிரம் பேர்
இரண்டு பத்தொன்பது வயதுகளை ஒரே தராசில் பார்க்க
டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள்.

ஏத்து லாக்கோனென்: நாற்பத்தோரு ஆட்டம், ஒன்பது கோல்.
டேன் ஹ்ரிட்சாக்: நாற்பத்து மூன்று ஆட்டம், இருபத்திரண்டு.
கழித்தால் பதின்மூன்று.
அந்தப் பதின்மூன்றை வைத்து
ஒரு வாரம் எழுதலாம், எழுதினார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
இங்கே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
வண்டி வந்து வெந்நீர் ஊற்றி
எல்லாத் தடத்தையும் மழித்துவிட்டுப் போகிறது.
முளையை எங்கே தேட?

என் கணக்கு
இரண்டடி தூரத்தில் நின்று எடுத்தது.

அக்டோபரில் லாக்கோனெனின் பல்லுறை முழுசாக இருந்தது.
இப்போது பாதியைத் தின்றுவிட்டான்.
வில்லை விழும்வரை மூச்சு விடமாட்டான்,
ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படியாது,
அதைப் பார்த்து ஒருமுறை நானே பயந்திருக்கிறேன்.
நவம்பரில் கொஞ்சம் முந்தி அசைந்தான் என்று
வட்டத்தை விட்டு வெளியே அனுப்பினேன்.
மன்னிக்கச் சொல்லிக் கேட்டான்.
இந்த வேலையில் அதற்கு முன்
யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

ஹ்ரிட்சாக் முணுமுணுப்பவன்.
எண்ணுகிறான் என்று நினைத்திருந்தேன்.
நாலாவது ஆட்டத்தில்தான் காதில் விழுந்தது:
யார்க்டன், கனோரா, காம்சாக்.
வீட்டுக்குப் போகிற நெடுஞ்சாலையின் ஊர்கள், வரிசை மாறாமல்.
காம்சாக்கில் மட்டையின் அடி
வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் நகரும்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.
இருபத்திரண்டில் நாலைந்து அந்த ஒரு விரலில் பிறந்தவை.
நான் ஏன் விசில் ஊதவில்லை என்று
என்னையே கேட்டுக்கொள்வதை விட்டு நாளாகிறது.

இரண்டாவதாக அழைக்கப்பட்டவன் எங்கே என்று
யாரும் கேட்பதில்லை.

மத்தூஷ் ஹ்ரிவ்னாக்.
டிசம்பரில் விமான நிலையத்தில் பார்த்தேன்,
சுற்றி வரும் பெல்ட்டின் முன்னால்,
டேப் போட்டுக் கட்டிய மட்டைகளுக்குக் காத்துக்கொண்டு.
இருபத்தாறு ஆட்டம், ஒரு கோல்,
அதுவும் எதிராளியின் முழங்காலில் பட்டுத் திரும்பியது.
கீழே அனுப்பிவிட்டார்கள்.
கோடில்லாத சட்டையில் என்னை அடையாளம் கண்ட ஆட்டக்காரன்
இத்தனை வருஷத்தில் அவன் ஒருவன்தான்.
"மூன்று தடவை வெளியே அனுப்பினீர்கள்" என்று சிரித்தான்.
பிறகு கேட்டான்:
"மில்வாக்கியில் வட்டம் இதே அளவுதானே?"
முப்பதடி என்றேன்.
எல்லா ஊரிலும் முப்பதடி.
தலையாட்டினான்.
மட்டைகள் வந்தன, போய்விட்டான்.

இதைச் சொல்கிற நான்
இருநூற்றுப் பதினோராவது.
எனக்கு மேடை கிடையாது, தொப்பி கிடையாது,
தொலைபேசி வந்தது,
அதையும் அம்மா எடுத்து
ஏதோ விற்கிறார்கள் என்று வைத்துவிட்டாள்.
ஒரு ஆட்டமும் ஆடவில்லை.
அதனால் எனக்கு யார்மேலும் கோபமில்லை என்று
எழுதிவிட்டு அடிக்கிறேன்.
கொஞ்சம் இருக்கிறது.
ஆனால் அது இந்தப் பையன்கள் மேல் இல்லை.

பதினையாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள்.
இடப்பக்கம் மூச்சில்லை.
வலப்பக்கம் கனோரா.
இரண்டு கழுத்திலும்
சவரக் கத்தி புதிதாகப் பழகிய சிவப்புப் புள்ளிகள்,
எண்ணினால் ஏறக்குறைய சமம்.

கையைத் திறந்தேன்.

இரண்டு மட்டைகள் ஒன்றாகக் கடித்ததில்
வில்லை தெறித்து
என் வலது கணுக்காலில் மோதியது.
யார் வென்றார் என்று
மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் குறித்திருப்பார்.
நான் நொண்டிக்கொண்டே
நீலக் கோட்டுக்குப் போனேன்.