ஏழாம் கேள்வி

பெம்பர்ட்டன் துரையின் கடிதம்
கீழக்கரைச் சுங்கச் சாவடிக்கு வந்தபோது
உறையின் ஓரத்தை எனக்கு முன்பே
கரையான் வாசித்திருந்தது.

பதினொரு கேள்விகள்.
வியப்பில் சுதேசிகள் புருவம் உயர்த்துவார்களா?
(கடிதத்தைப் பிரித்ததும் நான் உயர்த்தினேன், ஐயா.)
காதுமடலின் விளிம்பில் சிறு முனை உண்டா?
வீறிட்டு அழும் குழந்தையின் வாய் என்ன வடிவம்?
சதுரம் என்று எழுதினேன்.
என் மகள் மூன்று மாதமாக
இரவெல்லாம் அதைத்தான் வரைந்து காட்டுகிறாள்.

மனிதனும் குரங்கும் ஒரே கொடிவழி என்பதை
அஞ்சி அஞ்சிச் சொல்லியிருந்தார்,
அரக்கு முத்திரையை இரண்டு தடவை வைத்து.
இங்கே அதிர்ந்துபோக யார் இருக்கிறார்கள்?
சேதுக்கரை மூன்று மணி நடை.
கடலுக்குக் கல் சுமந்தது யாரென்று
அங்கே தேங்காய் விற்கிறவனைக் கேட்டாலும் சொல்வான்.

ஏழாம் கேள்விதான் இடறியது.
"கால்விரலால் பொருளைப் பற்றுகிறவர்கள்
உமது கரையில் உண்டா?
விலங்கு நிலையின் எச்சம்
அவர்களிடம் மிச்சமிருக்கலாம்."

சேகு நெய்னாவைக் கூப்பிட்டனுப்பினேன்.
சங்கு குளிக்கிறவர்.
பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே
கல் கட்டிய கயிற்றை இடுக்கிக்கொண்டு
ஒன்பது பாகம் இறங்குவார்.
சொட்டச் சொட்ட வந்து நின்றார்.
சீமை அளவுகோலை அவர் பாதத்தில் வைத்தபோது
என் காது சூடேறியது.
(நான்காம் கேள்வி: கறுத்த தோலில் நாணம் தெரியுமா?
தெரியும். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.)

"எதுக்கு அளக்குறீங்க?"
சொன்னேன். பாதியைச் சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
தலைமுடியிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டு
"தொரை எத்தனை பாகம் போவாராம்?" என்றார்.
"போகமாட்டார்."
"அப்ப அந்த வெரலெல்லாம்
அவருக்கு எதுக்கு?"

அதைப் பன்னிரண்டாம் கேள்வியாகச் சேர்த்து
வாடை கிளம்புமுன் அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்துப் பதில்.
அளவுகள் மிகப் பயனுள்ளவை. நன்றி.
முடிந்தால் ஒரு மண்டையோடு,
குளிக்கிறவர்களில் வயதுவந்த ஆணுடையது,
உடையாமல். கப்பல் கூலி தாமே தருவதாக.
பன்னிரண்டைப் பற்றி
ஒரு வரி இல்லை.

இந்தத் துறையின் ஏற்றுமதிப் பட்டியலில்
சங்கு உண்டு, கருவாடு உண்டு, பனைநார் உண்டு,
தாங்கள் கேட்ட சரக்கு இல்லை என்று எழுதி
சூசை மிராந்தா எனக் கையொப்பமிட்டேன்.
அந்த 'மி'யில் மை கொஞ்சம் அதிகம் இறங்கிவிட்டது.

ராத்திரி, சாவடியில் யாருமில்லை.
விளக்கைத் தணித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.
இருபது வருஷம் தோலுக்குள் கிடந்த கால்.
தரையில் கிடந்த இறகுப் பேனாவை
விரலிடுக்கில் பிடித்தேன்.
ஒரு சாண் எழுந்தது, நடுங்கியது,
சிமிட்டித் தரையில் கோணலாக
ஒரு கோடு இழுத்தது.
பிறகு விழுந்தது.

இதை அவருக்கு எழுதவில்லை.