ஒன்றே முக்கால் அடி

ஆண்டு முடிகிறது. ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து
'சேர்ந்து கற்றதைப் பற்றி எழுதுக' என்கிறார்கள்.
புந்தா அரேனாஸின் காற்று வெளியே நின்று
ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது,
அதற்கும் ஒரு தாள் வேண்டுமாம்.

சரி, எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு, வரலாறு, நான்காவது குழு:
தானிட்சா, எலிசெயோ, யனிரா, நான்.
இந்த இடத்தின் காலத்தை ஒரு கோடாக்கிக் காட்ட வேண்டும்.
தானிட்சா தன் மாமாவின் ஆணிக்கடையிலிருந்து
ரசீதுச் சுருள் ஒன்று கொண்டுவந்தாள்.
ஓர் அடி எடுத்துவைத்தால் நூறு ஆண்டு என்று
யனிரா விதி போட்டாள். யாரும் மறுக்கவில்லை.
மறுத்துப் பேசும் அளவுக்கு
அப்போது எங்களுக்குள் பழக்கமில்லை.

வகுப்பறைக் கதவடியில் 'இன்று' என்று எழுதித் தொடங்கினோம்.
நாங்கள் மரகைபோவிலிருந்து வந்து இரண்டு வருடம்.
அளந்து பார்த்தேன், சுண்டுவிரல் அகலம்.
"அப்படியானால் எண்ணுவது நீ" என்றார்கள்.
ஏன் 'அப்படியானால்' என்று
இன்றுவரை கேட்கவில்லை.

எலிசெயோ சுருளை உருட்டிக்கொண்டே போனான்.
நான் பின்னால்.
தாழ்வாரம், திடல், வேலியின் ஓட்டை,
கல்சரிவு. காற்று தூக்காதிருக்க
அடிக்கொரு கல், கல் கிடைக்காத இடத்தில்
என் காலணி ஒன்று.
அறுபதுகளில் எங்கோ ஒரு நாய் வந்து
நூற்றாண்டின் மேல் உட்கார்ந்தது.
விரட்டி முடிப்பதற்குள் எண்ணிக்கை போய்விட்டது.
அறுபத்தொன்று என்றாள் வேடிக்கை பார்த்த யனிரா.
அறுபத்துநான்கு, தானிட்சா.
கை தூக்கி ஓட்டெடுத்தோம்.
அறுபத்துமூன்று வென்றது.
மையால் எழுதினேன் அதை,
நேரில் பார்த்தவள் போல.

நூறாவது அடி நீரிணையின் கரையில் விழுந்தது.
நுனியைப் பிடித்துக்கொண்டு எலிசெயோ நின்றான்.
நாங்கள் மூவரும் கதவடிக்கு ஓடினோம்,
எழுத.

ஊர் மொத்தமும் ஒன்றே முக்கால் அடி.
கோட்டை, சிறை, கம்பளிக் கப்பல்,
தானிட்சாவின் கொள்ளுத்தாத்தா இறங்கிய துறை,
இந்தப் பள்ளி, இதன் ஒழுகும் கூரை,
எல்லாம் அதற்குள்.
மண்டியிட்ட மூன்று தலைகள் முட்டி
யனிராவின் கண்ணாடிக் காது முறிந்தது.
சிவப்பு தீர்ந்தது. பச்சை தீர்ந்தது.
"முழங்கையை எடு." "அது என் வருடம்."
இடச்சண்டையில் ஒரே வேலைநிறுத்தம்
இரண்டு தரம் எழுதப்பட்டது.

மீதித் தொண்ணூற்றெட்டே கால் அடி
வெள்ளையாய்க் கிடந்தது, ஆகஸ்டுப் பனியோடு நிறம் சேர்ந்து.

தூரத்தில் எலிசெயோ கத்தினான்.
கேட்கவில்லை.
கையசைத்தோம்.
மறுபடி கத்தினான். மறுபடி கையசைத்தோம்.
குளிருகிறது என்கிறான் என்றாள் ஒருத்தி,
பசிக்கிறது என்றாள் ஒருத்தி,
ஓட்டெடுக்கலாமா என்று நான் கேட்டது
இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு போனோம், நூறு அடியும் நடந்து.
அவன் உதடு நீலம்.
"பேனா கொண்டுவாங்கன்னு கத்தினேன்" என்றான்.

இருந்தது ஒரே ஒரு கறுப்பு. குளிரில் அது எழுதவில்லை.
உள்ளங்கையில் பொத்தி ஆளுக்கொரு முறை ஊதினோம்,
அடுப்பூதுவது போல, நால்வரும் நெருங்கி,
ஒருவர் மூச்சில் பூண்டு, ஒருவர் மூச்சில் ஆரஞ்சு மிட்டாய்.
கிறுக்கிக் கிறுக்கி மை வந்தது.

எலிசெயோவின் அம்மா கவாஸ்கர் இனத்தவர்.
அதை அவன் அன்று சொல்லவில்லை,
நவம்பரில், வேறு ஏதோ பேச்சில் சொன்னான்.
அன்று அவன் குனிந்து எழுதியது இவ்வளவே,
பேருந்தில் இருக்கைமேல் பை வைப்பவரின் குரலில்:
'இங்கே ஆள் இருக்கு.'

ஏழுக்கு ஐந்து புள்ளி எட்டு மதிப்பெண்.
'உழைப்பு நன்று. பெரும்பகுதி வெறுமையாக உள்ளது.'
யனிரா அதன் கீழே பென்சிலால் சேர்த்தாள்:
'அறுபத்துமூன்று சந்தேகத்துக்குரியது. நாய்.'

சேர்ந்து கற்றதா?
நான் எண்ணியதை நானே நம்பாமலிருக்க.
ஒருவன் கத்தினால் நடந்து போக.
ஒற்றைக் காலணியோடு திரும்பி வர.

அரைத்தாள் முடிந்துவிட்டது.
நாயைப் பற்றி இன்னும் இருக்கிறது.